கடிகாரம் தவறிய லேப்டாப்புக்கு மதர்போர்டு மாற்ற வேண்டுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்காகப் பத்து மாதங்களுக்கு முன் புதுச்சேரிக் கடை ஒன்றில், பழைய இருப்பு என்று விலை குறைத்துக் கொடுத்த கேமிங் லேப்டாப்பை வாங்கினேன். தேர்வு முடியும்வரை மூன்று வாரம் எடுத்து வைத்திருந்தோம். மீண்டும் இயக்கியபோது தேதி 2021 ஜனவரி 1 என்று காட்டியது. அது முதல், அணைத்து இயக்கும் ஒவ்வொரு முறையும் அதே தேதிக்குப் போய்விடுகிறது. என்விடியா கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவினால் பாதியில் நின்றுவிடுகிறது. கடலூரில் ஒரு பழுதுபார்க்கும் கடையில், கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற 38,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வேண்டாம். இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு கோளாறுகளுக்கும் வேர் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கடிகாரத்தைச் சரிசெய்யாமல் சிப்பின் மேல் பழி போடுவது சோதனையே ஆகாது.

லேப்டாப் அணைந்திருக்கும்போதும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் சிறிய சுற்று மதர்போர்டில் உண்டு. பல மாடல்களில் அதற்கு மின்சாரம் கொடுப்பது, ஒரு நாணயம் அளவே உள்ள சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் பட்டன் செல்; சில புதிய மாடல்களில் தனிச் செல் இல்லை, பெரிய பேட்டரியே அதையும் பார்த்துக்கொள்கிறது. செல்லுக்கு வயது ஏறத் தொடங்குவது பில் போட்ட நாளிலிருந்து அல்ல, தொழிற்சாலையில் பொருத்திய நாளிலிருந்து. ஆகவே, பழைய இருப்பு என்று கடைக்காரர் சொன்னதை மறந்துவிடாதீர்கள். அட்டைப்பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால் அதில் அச்சிட்டுள்ள உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் படம் எடுத்து வையுங்கள்.

தேதி தவறினால் டிரைவர் ஏன் ஏறாது என்பதைச் சொல்கிறேன். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கும், டிரைவர் கோப்பில் இட்டுள்ள டிஜிட்டல் கையொப்பத்துக்குப் பின்னுள்ள சான்றிதழுக்கும் செல்லுபடியாகும் காலம் உண்டு. இது 2021 என்று நம்பும் கணினியின் பார்வையில், 2024-இல் வழங்கப்பட்ட சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவே இல்லை; அதனால் பதிவிறக்கமும் தடைபடும், நிறுவுதலும் பாதியில் நின்றுபோகக்கூடும். இணையம் இருந்தும் நேரம் ஏன் தானாகச் சரியாகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக் கணினிகளில் விண்டோஸின் நேரச் சேவை, வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் வழக்கமாகத் தானே திருத்துவதில்லை. முதலில் தேதியைக் கையால் மாற்றி, இந்திய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகே ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

இன்றிரவே இதைச் செய்து பாருங்கள். நேரத்தைச் சரிசெய்து லேப்டாப்பை முழுவதுமாக அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். காலையில் விண்டோஸுக்குள் போகாமல், இயக்கியவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி பயாஸ் என்னும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குச் சென்று, அங்குள்ள தேதியைப் படம் எடுங்கள். பேட்டரியில் சார்ஜ் இருந்தும் 2021 ஜனவரி 1 என்றே காட்டினால், செல்லோ அதன் இணைப்போதான் முதலில் பார்க்க வேண்டியது. செல்லின் விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தவறினால் அது செல் பழுது அல்ல. விண்டோஸுடன் லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளத்தையும் நிறுவிய கணினிகளில், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்க, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிப்பதால் வருவது.)

தேதி சரியான பிறகு, லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரையே இறக்குங்கள். பழைய டிரைவரை நீக்கிவிட்டு நிறுவிய பின், கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கிராபிக்ஸ் சிப்புக்கு கோட் 52 என்ற பிழை எண் வந்தால் அது டிஜிட்டல் கையொப்பச் சிக்கல். சிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. புதிதாக நிறுவிய பிறகும் கோட் 43 திரும்பத் திரும்ப வந்தால் சிப்பைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது.

அப்படி வந்தாலும் நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. உங்கள் வாரண்டி ஓராண்டு என்றால் இன்னும் இரண்டு மாதம் மீதி இருக்கிறது. வெளியாள் யாரும் பின்மூடியைத் திறக்க விடாதீர்கள். அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்து, தேதி பின்னோக்கிப் போவது, டிரைவர் நிற்பது ஆகிய இரண்டையும் ஜாப் ஷீட் என்னும் பழுதுப் பதிவுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். வாரண்டியில் சரிசெய்ய மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யுங்கள். வாங்கியது புதுச்சேரியில் என்றாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு, பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

கொடுப்பதற்கு முன் மகனின் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து, வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றி மாட்டினால் பயாஸ் அமைப்புகள் மாறி, விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.