பாலாற்று மதகும் பக்கிங்காம் லாக்கும்

கேள்வி: சென்னையில் பக்கிங்காம் கால்வாய் ஓரமாகச் சிதைந்து கிடக்கும் ஒரு கட்டுமானத்தைக் காட்டி, 'இதுதான் பழைய லாக்' என்றார்கள். எங்கள் பாலாற்று அணைக்கட்டின் மதகு போன்றதுதானா அது? சிமென்ட் பூசியாவது அதைக் காப்பாற்றக் கூடாதா?
வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: இரண்டும் நீரைத் தடுப்பவையே ஆயினும் அவற்றின் வேலை வேறு. 1858-இல் கட்டி முடிக்கப்பட்ட உங்கள் அணைக்கட்டின் தலைமதகுகள், ஆற்று நீரைக் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி முதலிய ஏரிகளுக்குத் திருப்பிவிடுகின்றன. லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்குகிற தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடிவிட்டு, சிறு மதகுகளின் வழியே தொட்டி நீரை எதிர்ப்புற நீரோடு சமமாக்கிய பிறகே முன்கதவைத் திறக்க முடியும். இரட்டைக் கதவுகள் உயர்ந்த மட்டத்தை நோக்கிக் கூம்பிச் சேர்வதால், நீரின் அழுத்தமே அவற்றை இறுக்கி மூடிவைக்கும். எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான ஏற்பாடு!

பக்கிங்காம் கால்வாயின், எண்ணூர் வரையிலான முதல் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதியை, 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரணக் கூலிக்கு வந்தவர்கள் வெட்டினார்கள். அந்தப் பஞ்சம் உங்கள் வட ஆர்க்காட்டையும் விட்டுவைக்கவில்லை என்பதால், இந்தக் கால்வாயைச் சென்னைக்கு மட்டும் உரியதாக என்னால் நினைக்க முடிவதில்லை. கடல் ஓதத்தாலும் மழைவெள்ளத்தாலும் ஆற்று மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். கால்வாய் அந்த ஆறுகளைக் கடக்கும் இடங்களில் லாக்குகள் தேவைப்பட்டது அதனால்தான். சேப்பாக்கத்தை ஒட்டிய லாக் நகர் என்ற பெயரில் அந்தச் சொல் இன்னும் வாழ்கிறது.

சிமென்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர், ஏறிய ஈரத்தைத் தானே வெளியேற்றிக்கொள்ளும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால் உப்பு உள்ளேயே படிந்து செங்கல் பொடிந்து உதிரும். இணைப்புகளில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்கினாலும் செங்கல் சேர்ந்தே பெயர்ந்துவிடும். செடியை வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்து, வெற்றிடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புவதே முறை. மரக்கதவுகள் மறைந்துவிட்டாலும், அவை சுழன்ற செங்குத்துக் குழிவும் அவை முட்டி நின்ற அடிக்கல்லும் எஞ்சியிருந்தால், அது லாக் என்பதற்கு அவையே சாட்சி. ஆகவே பழுதுபார்ப்புக்கு யார் முன்வந்தாலும், அவ்விரண்டையும் அளந்து, வரைந்து, படமெடுத்து வைத்த பிறகே கரண்டியைக் கையில் எடுக்க வேண்டும்.