ஏணி ஏன் மேலே போனதும் வழுக்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்: விசையும் சமநிலையும்

நான்கைந்து படி ஏறும்வரை ஆடாமல் நிற்கிற ஏணி, உச்சிக்குப் போனதும் அடியில் சறுக்குகிறது. ஆளின் எடை அதேதானே, நடுவில் என்ன மாறுகிறது?
– பெயின்டர், திருப்பூர்

எடை மாறவில்லை, அது விழும் இடம் மாறுகிறது. ஒரு தாளில் ஏணியை மட்டும் வரையுங்கள். தரையையும் சுவரையும் வரையாமல், அவை ஏணிக்குத் தரும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போடுங்கள். தரை மேல்நோக்கித் தாங்குகிறது, சுவர் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுவர் வழவழப்பானது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தள்ளலை எதிர்த்து நிற்பது அடியில் உள்ள உராய்வு ஒன்றுதான்.

5 மீட்டர் ஏணி, எடை 20 கிலோ; ஆள் 70 கிலோ. ஏணி தரையோடு 60 டிகிரியில் சாய்ந்திருக்கிறது. அடிமுனையை மையமாக வைத்துத் திருப்புத்திறன் (விசை × மையத்திலிருந்து அதன் செங்குத்துத் தூரம்) கணக்கிட்டால், ஏணியில் 1 மீட்டர் ஏறிய ஆளுக்குச் சுவரின் தள்ளல் சுமார் 14 கிலோ. 4 மீட்டர் ஏறினால் 38 கிலோ. தரை தாங்குவது இரண்டு நேரத்திலும் அதே 90 கிலோ. ஆக, தேவைப்படும் உராய்வுக் குணகம் (தள்ளலைத் தரை தாங்கும் விசையால் வகுத்தது) 0.15-லிருந்து 0.42-க்கு ஏறிவிடுகிறது. தூசி படிந்த டைல்ஸோ பாசி பிடித்த தரையோ அவ்வளவு பிடிப்பைத் தராது. அதனால்தான் கீழே நின்று அசைத்துப் பார்த்துவிட்டு 'நல்லா நிக்குது' என்று முடிவு செய்யக் கூடாது.

4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு தூரம் என்று அடியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அதே ஆள் அதே 4 மீட்டரில் நிற்கும்போது சுவரின் தள்ளல் 16.5 கிலோவாகக் குறையும், குணகம் 0.18 போதும். உச்சியைக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. கட்ட வழியே இல்லாதபோது 60 கிலோ ஆள் ஒருவர் அடிப்படியில் ஏறி நின்றால், 60 டிகிரியில் சாய்ந்த அந்த ஏணியிலும் தேவை 0.42-லிருந்து ஏறக்குறைய 0.27-க்கு இறங்கும். அவர் எடை முழுக்கத் தரையை அழுத்துகிறது, சுவர்ப் பக்கம் மிகக் கொஞ்சமே போகிறது.

மேசைமேல் புத்தகம் இருக்கிறது. அதன் எடையும் மேசையின் எதிர்விசையும் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஒரு ஜோடியா?
– பாலிடெக்னிக் மாணவி, நாமக்கல்

இல்லை. மூன்றாம் விதி ஜோடி எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்கள்மேல் செயல்படும். எடை என்பது பூமி புத்தகத்தை இழுப்பது. அதன் ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. நீங்கள் சொன்ன இரண்டுமே புத்தகத்தின்மேல் இருக்கின்றன, அவை சமமாக இருப்பது புத்தகம் சமநிலையில் இருப்பதால். அதே மேசையும் புத்தகமும் லிஃப்டில் இருந்து, லிஃப்ட் மேல்நோக்கி வேகம் எடுக்கும்போது அந்தச் சமம் கெட்டுவிடும், மூன்றாம் விதி கெடாது.

1 டன் மோட்டாரை, தலா 750 கிலோ தாங்கும் என்று தகடு போட்ட இரண்டு ஸ்லிங்கால் (சுமை தூக்கும் கயிறு) தூக்கப் பார்த்தோம். சூப்பர்வைசர் அனுமதிக்கவில்லை. ஆளுக்குப் பாதி 500 கிலோதானே வரும்?
– ஃபேப்ரிகேஷன் தொழிலாளி, ஓசூர்

ஸ்லிங் செங்குத்தாகத் தொங்கினால்தான் 500. உங்கள் கடிதப்படி மோட்டாரில் ஸ்லிங் மாட்டும் காதுகளுக்கு இடையே 2 மீட்டர், ஒவ்வொரு ஸ்லிங்கும் 1.15 மீட்டர். அப்படியானால் ஸ்லிங் கிடைமட்டத்தோடு 30 டிகிரியில்தான் நிற்கும். ஒவ்வொன்றும் தன் இழுவிசையில் பாதியைத்தான் மேல்நோக்கித் தருகிறது. 500 கிலோ தூக்க 1000 கிலோ இழுவிசை வேண்டும். சூப்பர்வைசர் தடுத்தது சரி. கோணம் 15 டிகிரியானால் இது 1930 கிலோவைத் தாண்டும்.

இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 30 டிகிரியில் ஒவ்வொரு காதும் சுமார் 866 கிலோ விசையில் உள்நோக்கி இழுபடுகிறது. நேராகத் தூக்கவே செய்த ஐபோல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) பக்கவாட்டு இழுப்பில் வளைந்துவிடும்.

மனதில் வைக்க எளிய அளவு: ஒவ்வொரு ஸ்லிங்கும் காதுகளின் இடைவெளியைவிடக் குறையாமல் இருக்கட்டும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் கோணம் 60, இழுவிசை 577 கிலோ. கொக்கிக்கு மேலே உயரம் போதாவிட்டால் ஸ்ப்ரெடர் பீம் (ஸ்லிங்குகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்குச் சட்டம்) போடுங்கள். எடைமையம் நடுவில் இல்லாத மோட்டாரில் ஒரு பக்கம் கூடுதல் சுமை வரும். ஒரு சாண் தூக்கி நிறுத்தி, சாய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

பால்கனித் தளத்தின் மேல்பக்கத்தில் கட்டிய கம்பி, கான்கிரீட் கொட்டும்போது மிதிபட்டுக் கீழே இறங்கிவிட்டது. கம்பி உள்ளேதானே இருக்கிறது, பரவாயில்லையா?
– வீடு கட்டுபவர், தஞ்சாவூர்

பரவாயில்லை என்று விட முடியாது. 1.2 மீட்டர் நீட்டல், 125 மி.மீ. தளம் என்று எழுதியிருக்கிறீர்கள். கான்கிரீட், தரைப்பூச்சு, ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 710 கிலோ என்றால், ஒரு மீட்டர் அகலத்துக்கு 850 கிலோ. அது சுவரிலிருந்து 0.6 மீட்டரில் செயல்பட்டு ஏறக்குறைய 510 (கிலோ × மீட்டர்) திருப்புத்திறன் தருகிறது. இதைத் தடுப்பது மேலே கம்பியின் இழுப்பும் கீழே கான்கிரீட்டின் அழுத்தமும். இரண்டுக்கும் இடைவெளி 90 மி.மீ. இருந்தால் கம்பிகளின் மொத்த இழுவிசை 5.7 டன். கம்பி 40 மி.மீ. இறங்கினால் இடைவெளி 50 மி.மீ.; இழுவிசை 10 டன்னைத் தாண்டுகிறது. அடித்தட்டுக்கே போய்விட்டால் இழுபடும் மேல்பக்கத்தில் கம்பியே இல்லை, சுவரோரம் விரிசல் விட்டு மொத்தமாகத் தொங்கும்.

தளத்தைத் தாங்கும் முட்டுகளைத் தயவுசெய்து இப்போது பிரிக்காதீர்கள். கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கருவியால் அளக்கச் சொல்லி, கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். ஓரத்தில் 4 அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவர் எழுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்; மீட்டருக்கு 200 கிலோ, அதுவும் நுனியில், திருப்புத்திறனை இன்னும் 230 கூட்டிவிடும். அங்கே கிரில் போதும்.

அடுத்த பால்கனிக்கு மேல்கம்பியின் அடியில் சேர் (கம்பியை உயர்த்திப் பிடிக்கும் தாங்கி) வைத்து, ஆட்கள் நடக்கப் பலகை போடுங்கள். முட்டுகளைப் பிரிக்கும்போது நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வாருங்கள்.