சப்போர்ட் வேலையில் சேரலாமா, டெவலப்பர் வேலைக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். கணினி அறிவியல் படித்தவர்களுக்குத்தான் டெவலப்பர் வேலையும் நல்ல சம்பளமும் கிடைக்கும், ஐ.டி. படித்தவர்கள் சப்போர்ட்டிலேயே தங்கிவிடுவார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு ஏஐ வேறு வந்துவிட்டது. இப்போது ஒரு ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் (பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளில் வரும் கோளாறுகளைக் கவனிக்கும்) வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. சேரலாமா? இந்தத் துறையில் வருமானம் எப்படித்தான் வளர்கிறது?

பதில்: வேறு நல்ல ஆஃபர் இல்லையென்றால் சேர்ந்துவிடுங்கள். படித்து முடித்து சும்மா இருக்கும் மாதங்கள் கூடக்கூட அடுத்த நேர்காணல் கடினமாகிறது. ஆனால் அங்கே எதைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள், எப்போது நகரப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு சேருங்கள்.

முதலில் பட்டத்தைப் பற்றிய பயத்தைப் பார்ப்போம். இரண்டு பாடத்திட்டங்களிலும் பெரும்பகுதி ஒன்றுதான். கணினி அறிவியலில் அல்காரிதம், கம்பைலர் போன்ற கோட்பாடுகள் கூடுதலாக இருக்கும், ஐ.டி.யில் நெட்வொர்க், டேட்டாபேஸ், சர்வர் நிர்வாகம், வெப் ஆகியவற்றுக்கு இடம் அதிகம். இந்த வேறுபாடு முதல் வேலையில் மட்டும் கொஞ்சம் உறுத்தும். டெவலப்பர் நேர்காணல்களில் டேட்டா ஸ்ட்ரக்சர் கேள்விகள் நிறைய வரும். அதைத் தனியாக உட்கார்ந்து படித்துச் சரிசெய்துவிடலாம். மூன்று வருடம் வேலை பார்த்தவரிடம் பட்டத்தில் என்ன பிரிவு என்று யாரும் துருவுவதில்லை. என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

சம்பளத்துக்கு வருவோம். “ஐ.டி. படித்தால் எவ்வளவு கிடைக்கும்” என்ற கேள்விக்கு ஒரே எண்ணாக யார் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரே பதவிப் பெயரில் இருக்கும் இரண்டு பேர் சம்பளத்தில் ஒன்றுக்கு மூன்று வித்தியாசம்கூட இருக்கலாம். நிறுவனம் எதை விற்றுச் சம்பாதிக்கிறது என்பதுதான் இதற்குப் பெரிய காரணம். சர்வீஸ் நிறுவனம் பெரும்பாலும் உங்கள் நேரத்தை விற்கிறது. வாடிக்கையாளர் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கட்டணத்துக்குள்தான் உங்கள் சம்பளம் அடங்க வேண்டும். ப்ராடக்ட் நிறுவனம் ஒருமுறை எழுதிய மென்பொருளைப் பல்லாயிரம் பேருக்கு விற்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டு அங்கே இல்லை, அதனால் நல்ல ஆளுக்குத் தாராளமாகக் கொடுக்க முடிகிறது. வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை போன்றவற்றின் சொந்த ஐ.டி. பிரிவுகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. எங்கிருந்து வேலை செய்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் கிட்லேப் நிறுவனம்கூட ஊழியர் வசிக்கும் இடத்தைப் பொறுத்துச் சம்பளம் நிர்ணயிக்கும் முறையை வைத்திருந்தது.

வருடாந்திர இன்க்ரிமென்ட் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். பெரிய ஏற்றம் வேலை மாறும்போதோ பொறுப்பு மாறும்போதோதான் வருகிறது. ஆகவே முதல் சம்பளம் கொஞ்சம் கூடவா குறையவா என்பதைவிட, இரண்டாவது வேலைக்கு உங்களைத் தயார்செய்யும் இடமா இது என்று பாருங்கள்.

சப்போர்ட்டில் அது எப்படி நடக்கும்? ஒரு டிக்கெட்டை, அதாவது பதிவாகி வரும் ஒரு புகாரை, எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையானால் ஒரு அப்ளிகேஷன் ஹேங் ஆகிறது. ஒருவர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறார், டிக்கெட்டை மூடுகிறார். அடுத்த வாரம் அதே டிக்கெட், அதே ரீஸ்டார்ட். இன்னொருவர் லாகை (மென்பொருள் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவை) திறந்து நேரத்தை ஒப்பிடுகிறார். வாராந்திர ரிப்போர்ட் ஒன்று அதே நேரத்தில் ஓடுவது தெரிகிறது. அது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்.க்யூ.எல். க்வெரியை, எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளை போட்டுப் பார்த்தால், தேதி நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாததால் முழு டேபிளையும் அது படிக்கிறது. அது முடியும்வரை மற்ற கனெக்‌ஷன்கள் வரிசையில் நிற்கின்றன. இதை ஆதாரத்தோடு எழுதி டெவலப்மென்ட் டீமுக்கு அனுப்புகிறார். அப்புறம் அந்த டிக்கெட்டே வருவதில்லை. முதல் வருடம் இருவருக்கும் ஒரே சம்பளம். மூன்றாம் வருடம் இரண்டாமவர் டேட்டாபேஸ், டெவ்ஆப்ஸ் (நிரல் எழுதுவதையும் அதை ஓட்டுவதையும் இணைக்கும் வேலை), எஸ்.ஆர்.இ. (சேவைகள் தடையின்றி ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் பொறியியல் வேலை) என்று எந்த நேர்காணலுக்கும் போய் உட்காரலாம். அங்கே சொல்ல அவரிடம் சொந்த அனுபவம் இருக்கிறது.

எஸ்.ஆர்.இ. என்ற துறையே இப்படிப் பிறந்ததுதான். 2003-இல் கூகுள் சர்வர் பராமரிப்பை மென்பொருள் எழுதத் தெரிந்தவர்களிடம் கொடுத்தது. திரும்பத் திரும்பக் கையால் செய்யும் வேலை பாதி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, மீதி நேரத்தில் அதைத் தானாக நடக்க வைக்கும் நிரல் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. உங்கள் நிறுவனத்தில் விதி இல்லாவிட்டாலும் அந்தப் பாதியை நீங்களே ஒதுக்கிக்கொள்ளப் பாருங்கள். லினக்ஸ், எஸ்.க்யூ.எல்., பைத்தான், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் நான்கும் கையில் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். சான்றிதழ் என்றால், நெட்வொர்க் பக்கம் போகிறவர்களுக்கு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., கிளவுட் பக்கம் போகிறவர்களுக்கு ஏ.டபிள்யூ.எஸ். அல்லது அஷ்யூர் தேர்வுகள் நேர்காணல் வரை கொண்டு சேர்க்கும். செய்து பழகாமல் மனப்பாடம் செய்து வாங்கியதை இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏஐ பற்றி உங்களுக்கு வெறும் ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தரும் எளிய வேலைகளில்தான் நிறுவனங்கள் முதலில் கை வைத்தன: டிக்கெட்டை வகை பிரிப்பது, வழக்கமான டெஸ்ட் கேஸ் எழுதுவது, சிறிய நிரல் துண்டுகள். ரீஸ்டார்ட் மட்டும் செய்கிறவரின் வேலை நிச்சயம் ஆபத்தில்தான் இருக்கிறது. ஆனால் 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் திணறின. பல இடங்களில் ஒவ்வொரு கணினியாக சேஃப் மோடில் திறந்து அந்த அப்டேட்டில் வந்த கோப்பை நீக்க வேண்டியிருந்தது. எந்தக் கணினி எங்கே இருக்கிறது, எதை முதலில் எழுப்ப வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் அன்று நிறுவனங்களை மீட்டார்கள். 2021 டிசம்பரில், ஜாவா மென்பொருள்களில் லாக் எழுதப் பரவலாகப் பயன்படும் லாக்4ஜே நிரல் தொகுப்பில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளியானபோதும் “நம்மிடம் இது எங்கெல்லாம் இருக்கிறது” என்பதுதான் பல நிறுவனங்களின் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆளாக ஆவதற்கு சப்போர்ட் நல்ல இடம்.

இனி ஆஃபர் கடிதம். வருடத் தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். நிலையான பகுதி எவ்வளவு, வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் பகுதி) எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். வேரியபிள் முழுதாகக் கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஜாயினிங் போனஸ் இருந்தால், சீக்கிரம் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்று படியுங்கள். பங்கு தருவதாகச் சொன்னால், வழக்கமாக அது நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உங்களுடையதாகும். முதல் வருடம் முடியுமுன் கிளம்பினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சப்போர்ட் வேலையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் படியைச் சேர்த்து மொத்தத்தைப் பெரிதாகக் காட்டியிருக்கலாம். பகல் ஷிஃப்டுக்கு மாறினால் அது போய்விடும்.

கையெழுத்துப் போடுமுன் எச்.ஆரிடமும் டீம் லீடிடமும் சில விஷயங்களைக் கேளுங்கள். லாகையும் சோர்ஸ் கோடையும் பார்க்க எனக்கு அனுமதி உண்டா? இந்த டீமிலிருந்து டெவலப்மென்ட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்களா? ஆன்-கால் (வேலை நேரத்துக்கு வெளியிலும் அழைப்பு வந்தால் எடுக்க வேண்டிய) முறையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறீர்கள்? இரண்டு பேர்தான் என்றால் படிக்கவோ தூங்கவோ நேரம் இருக்காது. நோட்டீஸ் காலம் எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது மிக நீளமாக இருந்தால், நீங்கள் நகர நினைக்கும் நேரத்தில் அடுத்த நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காமல் போகலாம்.