வேலைக்கு அரசு தரும் பணம்: எது கைக்கு வரும், எப்போது வரும்?

கேள்வி: ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்த என் மகனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தால் மத்திய அரசு 15,000 ரூபாய் தருமாமே? இப்படிப் பணம் கொடுத்தால் வேலையின்மை குறைந்துவிடுமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: தருகிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கான 'விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா' அது. 15,000 என்பது உச்சவரம்பு. பி.எஃப். கணக்கிடப்படும் ஒரு மாதச் சம்பளம் எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். ஆறு மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தால் முதல் தவணை. பன்னிரண்டு மாதம் முடித்து, நிதிக் கல்விப் பாடத்தையும் முடித்தால் இரண்டாவது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. 2025 ஆகஸ்ட்டுக்கு முன் திருப்பூரிலோ பெங்களூரிலோ இரண்டு மாதம் வேலை பார்த்து, அங்கே பி.எஃப். பிடித்திருந்தால், அவர் 'முதல்முறை ஊழியர்' ஆகமாட்டார். மத்திய அரசின் உமாங் செயலியில் முகம் காட்டி யு.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண்ணை எடுக்க வேண்டும், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பி.எஃப். பிடிக்காத கான்ட்ராக்டரிடம் சேர்ந்தால் ஒரு பைசாவும் வராது. ஆகவே ஆர்டர் வாங்கும்போதே "பி.எஃப். உண்டா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

வேலையின்மையைக் குறைப்பதில், இதே திட்டத்தில் முதலாளிக்குப் போகும் பங்குதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. கூடுதலாக எடுக்கும் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு. உற்பத்தித் துறை என்றால் நான்கு ஆண்டுகள். 50 பேருக்குக் குறைவான நிறுவனம் இரண்டு பேரையாவது, பெரிய நிறுவனம் ஐந்து பேரையாவது கூட்டியிருக்க வேண்டும். அவர்கள் ஆறு மாதம் நிலைக்கவும் வேண்டும். பழைய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளைக் காட்டினால் எண்ணிக்கை கூடாது, பணமும் வராது. இந்தக் கட்டு இல்லாத சலுகை கம்பெனிக்கு லாபம். ஊருக்கு வேலை தராது.

அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) வாய்ப்பு வந்தாலும் விட வேண்டாம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அப்ரண்டிஸுக்குத் தரும் உதவித்தொகைக்கு பி.எஃப். கிடையாது; அதனால் 'முதல்முறை' தகுதி கெடாது.

கேள்வி: ஊராட்சியில் இருக்கிறோம். புளி கொட்டை நீக்கிப் பாக்கெட் போடும் தொழிலுக்கு 8 லட்சம் வேண்டும். எந்தக் கடன் நல்லது?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி. ஊரகப் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம். உங்கள் கைப்பணம் 40,000. வங்கிக் கடன் 7.6 லட்சம்; மானியம் 2.8 லட்சம். வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 25 சதவீதம்தான், 2 லட்சம் வரும்.

மானியம் கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி இல்லை, அந்த அளவு கடனுக்கும் வட்டி பிடிக்க மாட்டார்கள். பிறகு நேரில் பார்த்து, தொழில் நடந்தால் கடனில் கழிப்பார்கள். மூடியிருந்தால் மானியம் திரும்பிப் போகும்.

நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்காதீர்கள். கணவனோ மனைவியோ ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குப் புதுக்கடன் இல்லை. திட்ட அறிக்கையை யாரிடமோ வாங்கி ஒட்டினால் வங்கி மேலாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். மாதம் எத்தனை கிலோ புளி, எந்த மாதங்களில் வாங்கி இருப்பு வைப்பது, எங்கே விற்பது என்று நீங்களே எழுதுங்கள். புளி சீசன் சில மாதங்கள்தான் என்பதால் நடைமுறை மூலதனத்தை, அதாவது சரக்கு வாங்கி இருப்பு வைக்கும் பணத்தை, குறைத்துப் போட்டவர்கள்தான் சிக்குகிறார்கள். விண்ணப்பம் இணையத்தில், சந்தேகத்துக்கு மாவட்டத் தொழில் மையம்.

கேள்வி: டிகிரி முடித்தவருக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை எவ்வளவு?
– வாசகர், அரூர்

பதில்: மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டுகள் வரை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால் அந்த ஐந்தாண்டுக் கணக்கு அறுந்துபோகும்.