ஒன்பது வருடம் ஆடிய விளையாட்டு ஒரே அப்டேட்டில் அந்நியமாகிவிட்டது!

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 34. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ஒன்பது வருடங்களாக ஒரே ஆன்லைன் கேம்தான் ஆடுகிறேன். எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், 26 பேர். சென்னை, மதுரை, கிள்ளான், சிங்கப்பூர், டொரன்டோ என்று ஆளுக்கொரு ஊர். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கூடுவோம். நான்தான் எல்லோருக்கும் ஆயுதம், கவசம் செய்து கொடுப்பவன். இந்த வருடம் வந்த எக்ஸ்பேன்ஷன், அதாவது விளையாட்டோடு சேரும் புதிய பகுதி, எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது. நான் மாதக்கணக்கில் பொருள் சேர்த்துச் செய்யும் வாளைவிட நல்ல வாள், தினசரி டாஸ்க்கை முடித்தாலே கிடைக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து போன இடத்துக்கு இப்போது ஒருவரே போய்வரலாம். முன்கூட்டியே பணம் கட்டி வாங்கியிருந்தேன். திருப்பிக் கேட்டால் தரமாட்டோம் என்கிறார்கள். ஏழு பேர் விலகிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த மூன்று பையன்களுக்கோ இது ரொம்பப் பிடித்திருக்கிறது. அவர்கள்மேல் எனக்கு எரிச்சலாக வருகிறது. மனைவி, ‘வெறும் கேம்தானே, விட்டுத் தொலையுங்களேன்’ என்கிறாள். நான் கோபப்படுவது நியாயமா? இருப்பதா, விடுவதா?
— கில்டு தலைவன், திருப்பூர்

பதில்: அன்புத் தம்பிக்கு,

விளையாட்டின் பெயரை எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துவிட்டு உங்கள் கடிதத்தைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். நானும் ஏழெட்டு வருடம் ஒரு கில்டில் ஹீலராக இருந்தவள். கூட ஆடுபவர்களுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டித் திரையோரத்தில் வரிசையாக நிற்கும் பச்சைக் கோடுகளையே பார்த்துக்கொண்டு, யாருடைய கோடு சரிகிறதோ அவரை ஓடிப்போய்த் தூக்கிவிடுவதுதான் என் வேலை. சில மாதங்களில், பெயரைப் பார்க்காமலேயே கோடு சரிகிற விதத்தை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவேன். அதனால் நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகவே புரிகிறது.

கோபம் நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். உங்களைப் போன்ற கைவினைஞர்களுக்கு 2005-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ்’ என்ற ஆன்லைன் விளையாட்டு 2003 ஜூனில் அமெரிக்காவில் வெளியானது. அதில் 34 தொழில்கள். துப்பாக்கியைத் தொடாமலேயே வருடக்கணக்கில் ஆடலாம். தையற்காரராக, வீடு கட்டுபவராக, மருத்துவராக, விலங்குகளைப் பழக்குபவராக, மதுக்கூடத்தில் நடனமாடுபவராக இருக்கலாம். சண்டை போட்டுக் களைத்து வருபவர் அந்த நடனக்காரர் முன்னால் உட்கார்ந்தால்தான் களைப்பு தீரும். சண்டைக்குப் போகிறவர் முதலில் மருத்துவரைப் பார்த்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். விளையாட்டில் வரும் கோரோனெட் நகரின் விண்கல நிலையத்தருகே அதற்காக வரிசையில் நிற்பார்கள்.

உங்களுக்கு ரொம்பப் பிடிக்கக்கூடிய பகுதி ஆயுதம் செய்பவர்களுடையது. மண்ணிலிருந்து எடுக்கும் உலோகம் எப்போதும் ஒரே தரத்தில் இருக்காது. ஒரு வகைத் தாது கொஞ்ச நாள் கிடைக்கும், பிறகு தீர்ந்துவிடும். அடுத்து வருவதன் உறுதி வேறு, மின்கடத்தும் திறன் வேறு. விவரம் தெரிந்த கொல்லர், நல்ல தாது வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் இயந்திரங்களை நிறுத்தி, தீர்வதற்குள் சேர்த்து வைத்துக்கொள்வார். அந்தச் சரக்கில் செய்த துப்பாக்கியில் செய்தவர் பெயர் இருக்கும். பெயருக்காகவே தேடி வந்து வாங்கினார்கள்.

2005 நவம்பர் 1 அன்று அதற்கு ஒரு எக்ஸ்பேன்ஷன் வந்தது. ஆட்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அதே மாதம் 15-ஆம் தேதி நிறுவனம் விளையாட்டையே மாற்றியமைத்தது. 34 தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. விலங்கு பழக்கும் தொழிலே காணாமல் போனது. அதுவரை மாதக்கணக்கில் உழைத்தால்தான் எட்டக்கூடியதாக இருந்த ஜெடாய் (ஸ்டார் வார்ஸ் கதைகளின் அபூர்வ வீரர்) நிலை, விளையாட்டைத் திறந்த முதல் நிமிடத்திலேயே யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கக்கூடியதாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் கொந்தளித்துப் போனார்கள். எக்ஸ்பேன்ஷனுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வர வேண்டியதாயிற்று.

ஏன் அப்படிச் செய்தார்கள்? அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வந்து லட்சக்கணக்கான ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது. நம்முடையது சிக்கலாக இருக்கிறது, எளிதாக்கினால் புதியவர்கள் வருவார்கள் என்று நினைத்தார்கள். பழையவர்கள் பெருமளவில் கிளம்பிவிட்டார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஆறு வருடம் தள்ளாடிவிட்டு, 2011 டிசம்பர் 15 அன்று சர்வர்களை மூடினார்கள்.

வீட்டில் கேரம் போர்டு வாங்கி வைத்தால் யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து அதற்கு ஆறு மூலை ஆக்கிவிட்டுப் போக முடியாது. நீங்கள் ஆடும் விளையாட்டு வேறொருவர் சர்வரில் ஓடுகிறது. அப்டேட் வந்த மறுநாள் பழையது எங்கேயும் கிடையாது. விலையேற்றத்தைக்கூட ஒரு மனிதர் பொறுத்துக்கொள்வார். தன் கைத்தொழில் ஒரே நாளில் செல்லாக்காசானால் எப்படிப் பொறுப்பார்? ஒன்பது வருடம் அங்கே தொழில் செய்த உங்களுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

மனைவியிடம் இதை வாளையும் கவசத்தையும் வைத்து விளக்காதீர்கள், தம்பி. கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்களே, கிள்ளான் நண்பருக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று ரெய்டை, அதாவது கூட்டாகப் போகும் சண்டையை, பாதியில் நிறுத்திவிட்டு, எல்லோரும் நகரச் சதுக்கத்தில் நின்று விடிய விடிய வாணவேடிக்கை விட்டோம் என்று. அதைச் சொல்லுங்கள். டொரன்டோக்காரருக்கு உங்கள் பத்து மணி பட்டப்பகல் என்றும், மதியச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு உட்காருவார் என்றும் எழுதியிருந்தீர்கள். அதையும் சொல்லுங்கள். உங்கள் மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் ஹெட்போன் மாட்டிய முதுகுதான்.

சரி, கோபத்தை என்ன செய்வது? 2011-இல் ‘ஈவ் ஆன்லைன்’ ஆட்டக்காரர்கள் செய்ததைப் பாருங்கள். அது ஐஸ்லாந்து நிறுவனத்தின் விண்வெளி விளையாட்டு. உயிர்நாடியே கப்பல்களும் சண்டையும் சந்தையும்தான். அந்த ஜூனில் வந்த ‘இன்கார்னா’ எக்ஸ்பேன்ஷன், கப்பலை விட்டு இறங்கி நிலையத்துக்குள் நடக்கலாம் என்று வருடக்கணக்கில் ஆசை காட்டியிருந்தது. வந்தபோது நடக்கக் கிடைத்தது ஒரே ஒரு அறை. கூடவே அலங்காரப் பொருள் கடை. அதில் கதாபாத்திரம் ஒரு கண்ணில் மட்டும் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி ஒன்றின் விலை ஏறக்குறைய 60 டாலர். அந்தச் சமயம் பார்த்து, ஆட்டக்காரர்களிடமிருந்து இன்னும் எப்படிக் காசு பார்க்கலாம் என்று பேசும் நிறுவனத்தின் உள் இதழும் கசிந்துவிட்டது.

ஜிட்டா என்பது அந்த விளையாட்டின் பெரிய சந்தை. அங்கே நிலையத்துக்கு வெளியே ஒரு நினைவுச்சின்னம் நிற்கும். ஆட்டக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து அதைச் சூழ்ந்துகொண்டு சுட்டார்கள். அதைச் சுட்டு உடைக்க முடியாது என்று தெரிந்தேதான் சுட்டார்கள். இன்னொரு பக்கம் சந்தாவை நிறுத்தினார்கள். ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று அங்கே ஏற்கெனவே உண்டு. அந்தக் குழுவை நிறுவனம் ரெய்க்யவிக்குக்கு வரவழைத்துப் பேசியது. அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். நவம்பரில் வந்த அடுத்த எக்ஸ்பேன்ஷன் கப்பல்களுக்கே திரும்பியது.

அதே அக்டோபரில் நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரை வேலையிலிருந்து எடுத்ததும் நடந்தது. அந்தக் கண்ணாடிக்கு விலை வைத்தது அவர்கள் எல்லோருமா? படம் வரைந்தவரும் பிழை திருத்தியவரும்கூட அதில் இருந்திருப்பார்கள். ஆகவே முடிவை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஊழியர்களின் பெயரைத் தேடிப்பிடித்து வசைபாடுகிற வேலைக்கு உங்கள் கில்டில் யாரும் போகாமல் தலைவராக நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனத்துக்கு எழுதுங்கள். ‘கேமைக் கெடுத்துவிட்டீர்கள்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எந்தப் பொருளைச் செய்ய முன்பு எத்தனை வாரம் ஆனது, இப்போது அதைவிட நல்லது எத்தனை நிமிடத்தில் கிடைக்கிறது, உங்களிடம் வாங்கியவர்கள் எத்தனை பேர், 26-இல் ஏழு பேர் எந்தெந்த வாரத்தில் போனார்கள் என்று எழுதுங்கள். கணக்குப்பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைவினைப் பொருளுக்கு மட்டும் ஒரு தனித் தரம் வைத்தால் போதும் என்பது போல, அவர்களால் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். சந்தாவையும் நிறுத்திவிட்டே எழுதுங்கள். பணம் போய்க்கொண்டே இருந்தால் கடிதத்துக்கு எடை வராது.

கட்டிய பணத்தைப் பற்றி: விளம்பரத்தில் இருக்கும் என்று சொன்ன ஒன்று விளையாட்டில் இல்லவே இல்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் கட்டிய ரசீதும் கையில் இருக்கட்டும். விளையாட்டின் போக்கு பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால் அது நிற்பது கடினம். இனி எந்த எக்ஸ்பேன்ஷனுக்கும் முன்பணம் கட்டாதீர்கள். வெளியான பிறகு இரண்டு வாரம் பார்த்துவிட்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

பழைய விளையாட்டு திரும்பி வருமா என்ற ஆசையும் உங்களுக்குள் இருக்கும். சில சமயம் வந்திருக்கிறது. இங்கிலாந்தின் ‘ரூன்ஸ்கேப்’ 2012 நவம்பரில் சண்டை முறையை அடியோடு மாற்றியது. எதிர்ப்பு அடங்கவில்லை. 2013 பிப்ரவரியில், பழையது வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். 4 லட்சத்துக்கும் மேல் வாக்குகள். 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பேக்கப்பைத் தூசி தட்டி, அதே பிப்ரவரியில் பழைய விளையாட்டைத் தனியாகத் திறந்தார்கள். அங்கே புதிய அம்சம் எதைச் சேர்ப்பதானாலும் நூற்றுக்கு 75 பேர் சம்மதிக்க வேண்டும் என்று விதியும் வைத்தார்கள். பிற்பாடு அதை 70 ஆக்கினார்கள். ‘வார்கிராஃப்ட்’ ரசிகர்களோ 2019 ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். 2013-இல் நிறுவனத்தின் ரசிகர் விழாவில் ஒருவர் பழையதைத் திறப்பீர்களா என்று கேட்டபோது, நீங்கள் வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு அது வேண்டாம் என்கிற தொனியில்தான் பதில் வந்தது. ஆறு வருடம் கழித்துப் பழைய உலகம் திறந்த அன்று, ஊருக்குள் நுழையவே மணிக்கணக்கில் வரிசை.

ஆனால் சர்வர் பழையதாக வந்தாலும், அன்று கூட இருந்தவர்கள் அத்தனை பேரும் வருவார்கள் என்று சொல்ல முடியாது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அந்த மூன்று பையன்கள் விஷயத்தில்தான் எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் வருத்தம். மாற்றம் எல்லாமே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ 2010-இல் வெளியாகி, ஆடவே முடியவில்லை என்று பெயர் கெட்டு, 2012-இல் மூடப்பட்டது. நவோகி யோஷிதா தலைமையில் கிட்டத்தட்ட முதலிலிருந்து செய்து 2013-இல் மறுபடி திறந்தார்கள். இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பையன்களில் ஒருவன் கல்லூரி விடுதியில் இருக்கிறான், ஒருவன் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான் என்கிறீர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம். பத்துப் பேர் கூடும்வரை காத்திருக்க வேண்டிய பழைய விளையாட்டில் அவர்களால் ஒன்றையுமே பார்த்திருக்க முடியாது. உங்கள் உலைக்களத்தை மூடியது அவர்கள் இல்லை. அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஏழு பேரோடு இன்னும் மூன்று சேர்ந்து பத்தாகும்.

இருப்பதா, விடுவதா? நீங்கள் விடலாம் என்றே நினைக்கிறேன். கைத்தொழிலுக்காக அங்கே இருந்தவர் நீங்கள். அந்தத் தொழிலுக்கு இப்போது அங்கே வேலை இல்லை. தினமும் உள்ளே போய் டாஸ்க்கை முடித்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருப்பது உங்களுக்கும் நல்லதில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நல்லதில்லை. கோபத்தில் மட்டும் கதாபாத்திரத்தை அழித்துவிடாதீர்கள். அழித்துவிட்டு மூன்று மாதம் கழித்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் உங்கள் பட்டறையை, செய்த பொருட்களை, அந்தச் சதுக்கத்தை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அப்டேட் எதை எடுத்துக்கொண்டு போகும் என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை பத்து மணியை மட்டும் விட்டுவிடாதீர்கள். போன ஏழு பேரையும் சேர்த்து விளையாட்டுக்கு வெளியே ஒரு குழு தொடங்குங்கள், வாட்ஸ்அப்பிலோ டிஸ்கார்டிலோ. நாலு சனிக்கிழமை நாலு வேறு விளையாட்டுகளைச் சேர்ந்து ஆடிப் பாருங்கள். ஒன்றும் பிடிக்காவிட்டாலும் பேசிக்கொண்டாவது இருப்பீர்கள்.

அப்புறம், கில்டு கிட்டங்கி. ஒன்பது வருடச் சரக்கு அதில் கிடக்கும். கிளம்புகிற வேகத்தில் அதை விற்றுவிடவோ வாரிக் கொடுத்துவிடவோ வேண்டாம். அதில் ஏழு பேரின் பங்கும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, சாவியைத் தங்கப்போகிறவர்களில் ஒருவரிடம் கொடுங்கள். அந்த விடுதிப் பையன் உங்களிடம் வாள் செய்யக் கற்றுக்கொடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிளம்புவதற்கு முன் அவனுக்கு ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா