அரிய ஆங்கிலச் சொற்களை வரைந்து படிப்பது: கேள்வி பதில்

வேலூரில் ஆங்கிலமும் ஓவியமும் சொல்லித்தரும் ஆசிரியர் பதில் சொல்கிறார்.

கே: வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கான சொற்களை எழுதி எழுதிப் பார்த்தும் மறந்துவிடுகிறது சார். எனக்கு வரையவும் வராது. (காட்பாடி)

வராவிட்டாலும் வரையுங்கள் தம்பி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சொல்லுக்கு 40 விநாடி கொடுத்து, சிலவற்றை வரையவும் சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். வரைந்த சொற்களே அதிகம் நினைவில் நின்றன. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எதை வரைவது என்று யோசிக்கும்போதே பொருள் மனதில் ஏறிவிடும்.

கே: 'பெட்ரிகோர்' மண்வாசனை ஆயிற்றே, வாசனையை எப்படி வரைவது? (குடியாத்தம்)

வாசனை கிளம்பும் இடத்தை வரையுங்கள். பாளம் பாளமாக வெடித்த ஏரி, நாலு மழைத்துளி, விழுந்த இடத்திலிருந்து மேலே வளையும் கோடுகள். பக்கத்தில் ஒரு கல்லும் வேண்டும். 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கிரேக்கத்தில் கல்லைக் குறிக்கும் சொல்லை வைத்துத்தான் இந்தப் பெயரை உருவாக்கினார்கள்.

கே: 'பாலிம்ப்செஸ்ட்' என்றால் தோலில் எழுதுவதா? அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறார். (வாணியம்பாடி)

பாதி விஷயம் அப்பாவுக்கே தெரியும், கேளுங்கள். சுண்ணாம்பில் ஊறவைத்து முடி எடுப்பது வரை டேனரித் தோலுக்கும் எழுதும் தோலுக்கும் ஒரே வேலை. அப்புறம் பதனிடாமல், சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிக் காயவைத்தால் எழுதும் தோல். அது விலை கூடியது என்பதால் பழைய எழுத்தை அழித்து மேலேயே எழுதினார்கள், அதுதான் பாலிம்ப்செஸ்ட். ஆர்க்கிமிடீஸின் கணக்குகள் 13-ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் ஒரு ஜெபப் புத்தகத்துக்கு அடியில் போயின.

சட்டம் போட்டு நாலு மூலையிலும் கயிறு வரையுங்கள். உள்ளே பென்சிலில் ஒரு முக்கோணம். அதை ரப்பரால் அரைகுறையாக அழித்து, மேலே பேனாவால் ஒரு சிலுவை. அழிப்பது உங்கள் கையாக இருக்க வேண்டும். போனில் கிடைக்கும் படத்தை ஒட்டினால் அந்தப் பலன் இல்லை.

கே: 'அப்சீக்வியஸ்' (அளவுக்கு மீறிப் பணிந்து குழைகிற) போன்ற குணச் சொற்கள்? (ஆற்காடு)

அந்தக் குணமுள்ள ஆளை வரையுங்கள். நாற்காலியில் ஒருவர், எதிரே தோள்துண்டை இடுப்பில் கட்டிக் கூனிக் குழைந்து நிற்கும் இன்னொருவர்.

கே: மகள் ஏழாவது படிக்கிறாள். தினம் எத்தனை சொல் சார்? (சத்துவாச்சாரி)

மூன்று போதும் அம்மா. சொல்லைப் படத்தின் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் படத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும். தடுமாறினால் உடனே சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் யோசிக்க விடுங்கள்.