துக்கக் காட்சியில் சிரித்தவர் என் அம்மா

கேள்வி: அப்பா இறந்த வீட்டில் பிள்ளைகள் கூடுவதைப் பற்றிய மேடை நாடகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மனதைப் பிசைகிற காட்சியில் பக்கத்து வரிசையில் சிரிக்கிறார்கள். நம் பார்வையாளர்களுக்கு ரசனையே கிடையாதா?

உங்கள் எரிச்சல் புரிகிறது. டிக்கெட் வாங்கி, டிராஃபிக்கில் மாட்டி, நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆனாலும் இந்தக் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் வேறொரு நாடகத்தில் அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர் என் அம்மா.

நாங்கள் பம்பாய்ப் பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறோம். அம்மா திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி 1972இல் இங்கே வந்தவர். பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசிப் பேசியே மராத்தி கற்றுக்கொண்டார். நாடகம் என்றால் கிளம்பிவிடுவார். (மராத்தி நாடகத்துக்கும் தமிழ்த் தளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்பீர்கள். பம்பாய்த் தமிழர்களுக்கு அது வெளியூர்ச் சமாச்சாரம் இல்லை, எங்கள் ஊர்ச் சமாச்சாரம்.)

நாடகத்தின் பெயர் 'வாடா சிரேபந்தி'. மகேஷ் எல்குஞ்ச்வார் எழுதியது. 1985இல் விஜயா மேத்தா இயக்கத்தில் முதலில் வந்தது. பிறகு சந்திரகாந்த் குல்கர்ணி, அதன் அடுத்த இரண்டு பாகங்களையும் சேர்த்து 1994இல் மூன்றையும் மேடை ஏற்றினார். பல வருடம் கழித்து அவரே மறுபடி போட்டபோது, தாதர் சிவாஜி மந்திரில்தான் நாங்கள் பார்த்தோம்.

கதை நீங்கள் பார்த்ததற்கு நெருக்கமானதுதான். மகாராஷ்டிராவின் விதர்பாவில் ஒரு கிராமம், இடிந்துகொண்டிருக்கும் ஒரு பழைய வாடா, அதாவது கல்லால் கட்டிய பெரிய வீடு. வாசலில் ஒரு டிராக்டர் துருப்பிடித்து நிற்கிறது. பெரியவர் இறந்துவிட்டார். பம்பாயிலிருந்து இரண்டாவது மகன் சுதீர் மனைவியோடு வருகிறான். ஊரிலேயே இருக்கும் மூத்தவன் பாஸ்கர், பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும், தேஷ்பாண்டே குடும்பத்து மானம் என்கிறான். கையில் காசு இல்லை. யார் கொடுப்பது என்று பேச்சு ஆரம்பிக்கிறது.

அந்த இடத்தில்தான் அம்மா சிரித்தார். லேசாக இல்லை, வாய்விட்டு. அரங்கத்தில் வேறு சிலரும் சிரித்தார்கள், ஆனால் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இடைவேளையில் வடையும் டீயும் வாங்க நிற்கும்போது அதே மனிதர் எங்கள் காதில் விழும்படி, "இது காமெடி நாடகம் என்று நினைத்து வந்துவிடுகிறார்கள்" என்று மராத்தியில் சொன்னார். அம்மாவுக்கு மராத்தி தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. அம்மா கையில் இருந்த வடையை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார்.

நானும் அப்போது அம்மா மேல்தான் கோபப்பட்டேன். அதை இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. "ஏம்மா சிரிச்சே?" என்று கேட்டேன். அம்மா சொன்னது இது: "ஏட்டி, எங்க அண்ணன் பேசுன பேச்சை அப்படியே பேசுதான். எத்தனை எலைன்னுதான் எங்க வீட்லயும் சண்டை."

1984இல் தாத்தா இறந்தபோது நான் சின்னப் பெண், ஊரில்தான் இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல் செய்யும் தவசுப்பிள்ளை வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பெரிய மாமா முந்நூறு இலை என்கிறார். சின்ன மாமா நூறு போதும் என்கிறார். தவசுப்பிள்ளை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். உள்ளே ஆச்சி அழுதுகொண்டிருக்கிறாள். கடைசியில் இருநூறு என்று முடிவாகி, அரிசிக்கான பணத்தை அம்மாவிடம் கேட்டார்கள். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா முப்பது வருடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மேடையில் முன்பின் தெரியாத ஒரு மனிதன் வேறு மொழியில் அதையே பேசும்போது சிரிப்பு வந்துவிட்டது. அது வேடிக்கை பார்க்கிற சிரிப்பு இல்லை. நம் வீட்டுக்காரர்கள் மட்டும் இப்படி இல்லை என்று தெரிந்ததும், அடைத்துக்கொண்டிருந்தது திறந்துகொள்கிற சிரிப்பு. உங்கள் பக்கத்தில் சிரித்தவரும் அப்படித்தான் சிரித்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. போனைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

அதே நாடகத்தில் ஒரு வயதான பாட்டி உண்டு. தன் மகன் போய்விட்டது அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்றே தெரியாது, உள்ளிருந்து மணி என்ன மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். முதல் தடவை கேட்டபோது அரங்கமே சிரித்தது, வடை வாங்கும் இடத்தில் எங்களைப் பேசிய அந்த மனிதர் உட்பட. போகப் போகச் சிரிப்பவர்கள் குறைந்தார்கள். கடைசிப் பகுதியில் அந்தக் குரல் வந்தபோது ஒரு சத்தம் இல்லை. நாடகக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். சிரித்தவன்தான் பிறகு வாயடைத்துப் போகிறான். முதலிலிருந்தே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருப்பவனுக்கு அது நடக்காது.

அப்புறம் நகைக் காட்சி. ராத்திரியில் பாஸ்கரின் மனைவி, பரம்பரை நகைகளையெல்லாம் எடுத்துப் பூட்டிக்கொண்டு புருஷன் முன்னால் நிற்பாள். காய்ந்துபோன அந்த வீட்டில் அவள் மட்டும் ஒரு நிமிஷம் மகாராணி போல இருப்பாள். அரங்கத்தில் கைதட்டினார்கள். அம்மா கைதட்டவில்லை. இருட்டில் தன் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஆச்சியின் ரெட்டைவடச் சங்கிலி காரியம் முடிந்த மறுநாளே அம்மாவின் பெரிய மதினி கழுத்தில் இருந்தது, "பத்திரமா இருக்கட்டும்னு போட்டிருக்கேன்" என்று. நாடகத்தில் அந்த நகைகளை பாஸ்கரின் மகள் ரஞ்சுவே எடுத்துக்கொண்டு டியூஷன் வாத்தியாரோடு ஓடிவிடுகிறாள். படிக்க ஆசைப்பட்டு, அப்பா விடாமல், கல்யாணமும் ஆகாமல் உட்கார்ந்திருக்கும் அத்தை பிரபாவுக்குக் கடைசிவரை எதுவுமே கிடைப்பதில்லை. அம்மா அழுதது பிரபாவுக்காக.

இங்கே கேள்வியை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னியுங்கள். இதையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தாத்தா இறந்த பதினெட்டாம் நாள் அம்மாவை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "பொட்டப்புள்ளைக்குச் சட்டத்துல ஒண்ணும் கிடையாது, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு" என்றார்கள். அது பொய். அந்த வீடு தாத்தா தன் சம்பாத்தியத்தில் கட்டியது, உயிலும் இல்லை. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அதில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தமும், 2005இல் மத்திய அரசு கொண்டுவந்ததும் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. இரண்டையும் போட்டுக் குழப்பி, "உனக்குக் கல்யாணம் 89க்கு முன்னாடியே ஆயிட்டு, அதனால இல்லை" என்று பின்னாளிலும் சொன்னார்கள். சட்டமே இல்லை என்றால் கையெழுத்து எதற்கு? இதைப் படிக்கும் மாமாமார்கள் யாரும் என்னிடம் கோபிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் நியாயமாக நடந்திருந்தால் சந்தோஷம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அரங்கத்தில் ஐந்நூறு பேர் இருந்தால் ஐந்நூறு பேரும் ஐந்நூறு இழவு வீடுகளிலிருந்து வந்திருக்கிறார்கள். உங்களுக்கு வலிக்கிற இடத்தில் இன்னொருவருக்கு வலிக்காது. ஒருவேளை அவருக்கு அது வலித்து, ஆறி, காய்த்துப்போயிருக்கும். அவர் சிரிக்கும்போது திரும்பி முறைக்காதீர்கள், இதை ஒரு வேண்டுகோளாகவே கேட்கிறேன். அன்றைக்கு முறைத்த மனிதர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நகைக் காட்சிக்குப் பிறகு அவர் ஒரு தடவை திரும்பியிருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார்.

அதற்கு அடுத்த பாகமான 'மக்ன தள்யாகாட்டி' மேடைக்கு வந்தபோது அம்மாவே டிக்கெட் எடுக்கச் சொன்னார். அதில் பத்து வருடம் ஓடியிருக்கிறது, பாஸ்கரின் மகன் தலையெடுத்து வீட்டில் வசதி வந்திருக்கிறது. அம்மா ஓர் இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில், தாணே தாண்டிய பிறகு கேட்டார்: "வீட்டுக்குக் காசு வந்துட்டு, சரி. பிரபாவுக்கு என்ன வந்துச்சு?"